வழுக்கைத் தலையன் வாங்கிய சீப்பு

என் தலையில் முடி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இந்தக் கதையில் பாதிக்கு மேல் என் சட்டைப் பையில் ஒரு சீப்பு இருக்கிறது. பின்னால் தெரியவந்தால் ஏமாற்றிவிட்டான் என்பீர்கள்.

என் பெயர் பரசுராமன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டுகிற ஆலை ஒன்றில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். கீழே பழுக்கக் காய்ந்த இரும்பு போகும், மேலே நான் போவேன். சூடு மேல்நோக்கித்தான் எழும்பும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அந்தப் பாடம் என் தலையில் நடந்தது. நான் ஓய்வு பெற்ற அன்று ஆலையில் கொடுத்த பரிசுப் பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே ஒரு பாட்டில் கூந்தல் தைலம் இருந்தது. யார் வாங்கியது என்று விசாரித்தேன். எல்லோரும் ரொம்ப மரியாதையாகத் தரையைப் பார்த்தார்கள்.

கிரேனில் இருந்து பார்க்கிறவனுக்கு மனிதர்களின் முகம் தெரியாது, உச்சிதான் தெரியும். மோகன்ராஜையும் நான் உச்சியை வைத்துத்தான் முதலில் அறிந்தேன். ஷிஃப்ட் எலக்ட்ரீஷியன். உச்சியில் இரட்டைச் சுழி. ரெட்டைச் சுழிக்காரனுக்கு ரெண்டு கல்யாணம் என்பார்கள். இவனுக்கு ஒன்றே நடக்காத நிலைமையில் இருந்தது.

நடந்தது இரண்டாயிரத்து ஏழாம் வருடம். என் வீட்டு மாடி அறையில் அவன் குடியிருந்தான். ஒயர் பின்னுகிற கம்பெனியில் பூதக்கண்ணாடி வைத்து இணைப்புகளைச் சோதிக்கிற வேலை இளமதிக்கு. இரண்டு கம்பெனி பஸ்ஸும் ஒரே கேட்டுக்கு முன்னால் நிற்கும். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

இளமதியின் அப்பா அரசப்பனுக்கு ஊத்துக்கோட்டைக்கு அந்தப் பக்கம், ஆந்திரா பஸ்ஸின் ஹாரன் கேட்கிற தூரத்தில் நெல் நிலம். பெண் கேட்க மோகன்ராஜ் என்னைப் பெரியவராக அழைத்துப்போனான். அரசப்பன் வீட்டில் இல்லை. பம்ப்செட் கொட்டாயில் குந்தியிருந்தார். எப்போதும் அங்கேதான் குந்தியிருப்பாராம். மும்முனைக் கரண்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்த நொடியில் பச்சைப் பட்டனை அமுக்க ஒரு விரல் வேண்டும். ஒரு தடவை அவர் தலைப்பாகையில் தையல்சிட்டு கூடு கட்டிக் குஞ்சும் பொரித்துவிட்டது. குஞ்சுகளுக்கு இறக்கை முளைக்கிறவரை அவர் தும்மவில்லை என்று ஊரில் சொல்கிறார்கள். நான் அதை அப்படியே நம்பிவிடுகிறவன் இல்லை. ஆனால் தலைப்பாகையில் கூடு இருந்தது.

"பையன் இன்னா பண்றான்?" என்றார் என்னிடம்.

"ரோலிங் மில்லுல எலக்ட்ரீஷியன்."

"நெலம்?"

"இல்ல."

"ஊடு?"

"என் ஊடுதான். வாடகை."

"அப்ப இன்னாதான் கீது உங்கிட்ட?" என்று அவர் மோகன்ராஜைப் பார்த்துக் கேட்டார்.

மோகன்ராஜ் வாயைத் திறந்தான். காதலிக்கிறவன் வாயைத் திறக்கவே கூடாது. "கரண்டு வந்தா மோட்டார தானா ஓட வெக்கிற போர்டு ஒண்ணு பண்றேன் மாமா. நீங்க ஊட்ல படுத்துக்கினு இருக்கலாம்."

"ஆட்டோ ஸ்டார்ட்டரு ஒண்ணு வாங்கி மாட்டினேன் தம்பி. ஒரு பேஸ் இல்லாதப்பவும் ஓட்டி மோட்டார சுட்டுட்டுச்சு."

"என்னுது மூணு பேஸும் கீதான்னு பாத்துட்டுத்தான் ஓட்டும். இன்னா நடக்குதுன்னு ஒரு டிஸ்ப்ளேல எழுத்தா காட்டும்."

அரசப்பன் தலையை ஆட்டினார். கூட்டிலிருந்து ஒரு துரும்பு விழுந்தது. "வைகாசி மொத வெள்ளிக்கெயம வேப்பம்பட்டுலேர்ந்து பொண்ணு பாக்க வராங்க. பையனுக்கு ஸ்டேஷன் பக்கத்துல ஃப்ளாட்டு. அதுக்குள்ள உன் போர்டு ஒயுங்கா ஓடுச்சின்னா அவங்கள வர வேணாம்னு சொல்லிர்றேன். ஓடலன்னா நீ வர வேணாம்."

திரும்புகிற வழியில் பஸ் நிறுத்தம் வரை இளமதி வந்தாள். "மோகனு, ஓடும்னு சொல்லிட்ட. ஓடலன்னா நான் வேப்பம்பட்டுக்கு ஓடணும், ஞாபகம் வெச்சிக்கோ" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவன் ஊத்துக்கோட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டி வரும்வரை சிரிக்கவில்லை.

போர்டு என்று அவன் பண்ணியது இதுதான். கீழே ஒரு அடிப்பலகை, அதில் மூளை மாதிரி ஒரு கறுப்புச் சில்லு. அதன் மேல் நிமிர்ந்து நிற்கிற ஒரு டிஸ்ப்ளே. டிஸ்ப்ளேவின் கீழ் விளிம்பில் வரிசையாகப் பதினாறு துளைகள். அதில் பதினாறு கால்களைப் பற்றவைத்து, அடிப்பலகையில் இருக்கிற பதினாறு ஓட்டைகளில் செருகிவிட வேண்டும். ஒயர் வைத்துப் பற்றவைத்துவிட்டால் கழற்ற முடியாது. பம்ப்செட் கொட்டாயில் தவளை இருக்கும், பல்லி இருக்கும், எதுவும் எதிலும் போய் உட்காரும். கழற்றித் துடைக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்றான். அந்தக் கால் வரிசைக்குக் கடையில் பெயர் பெர்க் ஸ்ட்ரிப்.

கும்மிடிப்பூண்டி பஜாரில் அமீருதீன் பாய் கடை. பழவேற்காட்டுக் குடும்பம். அவர் அப்பா காலத்தில் மீன் வலையும் தூண்டில் முள்ளும் விற்ற கடை, இப்போது எலக்ட்ரானிக் பார்ட்ஸ். பழைய முள் டப்பாக்களிலேயேதான் புது சாமான்களும் இருக்கும். கடை எவ்வளவு சின்னது என்றால், நாம் மூச்சை இழுத்தால் பாய் மூச்சை விட வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தால் ஷட்டர் வெளியே உப்பும்.

"பெர்க் ஸ்ட்ரிப் வோணும் பாய்" என்றான் மோகன்ராஜ்.

"ஆணா, பொண்ணா?" கால் நீட்டினது ஆண், ஓட்டை வைத்தது பெண்.

"ரெண்டும்."

"ஒத்த வரிசையா, ரெட்டயா?"

"ஒத்த."

"நேரா நிக்கிறதா, முட்டி மடக்கினதா?"

மோகன்ராஜ் யோசித்தான். நேர் கால் வைத்தால் டிஸ்ப்ளே மல்லாந்து கூரையைப் பார்த்துப் படுத்துக்கொள்ளும். அரசப்பன் கூரையில் ஏறித்தான் படிக்க வேண்டும். "ஆணு முட்டி மடக்கினது, பொண்ணு நேரா" என்றான்.

எங்களுக்குப் பின்னால் ஒரு அம்மாள் செல்போன் ரீசார்ஜ் பண்ண நின்றுகொண்டிருந்தார். "இவ்ளோ கேள்வி எம்பொண்ணுக்கு மாப்ள பாக்கறப்பகூட கேக்கலியே பாய்" என்றார்.

"அதான் உம்மாப்ள அப்டி கீறான்" என்றார் பாய்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் பொருத்தம் இல்லை. முதல் கால் போனது. இரண்டாவது, அமுக்கினால் போனது. மூன்றாவது சாய்ந்தது. நாலாவது பக்கத்து ஓட்டைக்கும் இந்த ஓட்டைக்கும் நடுவில் நின்றுகொண்டு எங்கே போவது என்று எங்களைக் கேட்டது. ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்ப்பதற்கே ஜோசியக்காரர் மூச்சு வாங்குவார். இங்கே பதினாறும் பொருந்த வேண்டும். இந்தக் கால் வரிசைகளில் இடைவெளி இரண்டு ஜாதி உண்டு, ஒன்று கொஞ்சம் அகலம், ஒன்று கொஞ்சம் நெருக்கம். வித்தியாசம் அரை மில்லிமீட்டர். பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். பாயின் முள் டப்பாவில் இரண்டும் ஒன்றாகப் படுத்திருந்தன.

"மெட்ராஸ் போயி அளவு பாத்து வாங்கியாந்துர்றேன் பெரிசு" என்றான். நானும் கூடப் போனேன். எனக்கு வேறு வேலை இல்லை.

எலக்ட்ரிக் ரயிலில் அவன் டிஸ்ப்ளேவை கைக்குட்டையில் வைத்து மடியில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தான், காய்ச்சல்காரப் பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறவன் மாதிரி. பொன்னேரி தாண்டுவதற்குள் சீப்புக்காரர் ஏறினார். ரயில் வியாபாரிகளின் வழக்கம் தெரியுமே, கேட்காமலேயே ஒவ்வொருவர் மடியிலும் ஒரு சாமானை வைத்துக்கொண்டே கோடி வரை போய்விடுவார்கள். திரும்பி வரும்போது வேண்டாதவர்களிடம் எடுத்துக்கொள்வார்கள். ஒரு அம்மாள் மடியில் ஒரு சீப்பு, ஒரு கல்லூரிப் பையன் மடியில் ஒரு சீப்பு, மோகன்ராஜ் மடியில் ஒரு சீப்பு. என்னிடம் வந்தார். என் தலையைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த ஆள் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

என் வாழ்நாளில் இப்படி ஒரு அவமானம் பட்டதில்லை. "இன்னாபா, என் மடி மடியா தெரியலியா?" என்று சத்தம் போட எழுந்தேன். அப்போது மோகன்ராஜ் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"பெரிசு, குந்து. இத்த பாரு."

வியாபாரி வைத்த சீப்பு டிஸ்ப்ளேவின் மேல் விழுந்திருந்தது. பாதி அகலப் பல், பாதி நெருக்கப் பல் உள்ள கறுப்புச் சீப்பு. அகலப் பற்கள் அந்தத் துளைகளில், ஒரு பல்லுக்கு ஒரு துளையாக, பால்வாடிக் குழந்தைகள் வரிசையில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தன. மோகன்ராஜ் பையிலிருந்து பொருந்தாத ஸ்ட்ரிப்பை எடுத்து நெருக்கப் பற்களில் வைத்தான். அது அங்கே உட்கார்ந்தது.

சீப்புக்காரர் திரும்பி வந்தார். நான் வாங்கினேன். "யாருக்கு சார்?" என்றார். "எனக்குத்தான்" என்றேன். பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் சீப்பைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, மெட்ராஸ் எதற்கு என்று அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கி, எதிர் ரயிலைப் பிடித்தேன்.

பாய் என் கையில் இருந்த சீப்பைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "அண்ணாத்தே, மொளச்சிடுச்சா?"

"டப்பாவ கொட்டு பாய்" என்றேன்.

கொட்டினார். அகலப் பல்லில் உட்கார்ந்ததெல்லாம் ஒரு குவியல், நெருக்கப் பல்லில் உட்கார்ந்ததெல்லாம் ஒரு குவியல். இரண்டிலும் உட்காராதது ஒன்று கிடைத்தது. அது தூண்டில் முள். பாய் அன்றே கல்லாவுக்கு மேல் கயிற்றில் ஒரு சீப்பைக் கட்டித் தொங்கவிட்டார். அதற்குப் பிறகு சிப்காட்டில் ஷிஃப்ட் எலக்ட்ரீஷியன் ஒருவன் பையிலும் சீப்பு இல்லாமல் இருந்ததில்லை. ஆலைகளில் தலை கலையாமல் வேலை நடந்தது என்றும், வெளியூர் அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு இவ்வளவு ஒழுக்கமான தொழிலாளிகளைக் கண்டதில்லை என்று எழுதிவிட்டுப் போனதாகவும் கேள்வி.

பதினாறும் பொருந்தியது. மோகன்ராஜ் பற்றவைத்தான். நல்ல நேரம் பார்த்து, கொட்டாயில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கல்பலகை மேல் அடிப்பலகையை ஒரு தட்டில் பொருத்தி வைத்து, ஒயரை இறுக்கிப் பிடித்து ஆணி அடித்தோம். அரசப்பன் கற்பூரம் காட்டினார். அவர் மனைவி அஞ்சம்மாள் டிஸ்ப்ளேவுக்கு நெற்றி எது என்று கேட்டு அங்கே குங்குமம் வைத்தார். சிரித்தால் அவருக்கு முன்பல் ஒன்று இல்லாதது தெரியும். சிரித்துக்கொண்டேதான் இருப்பார்.

கரண்டு வந்தது. அடிப்பலகை மூன்று பேஸையும் எண்ணியது. டக் என்று ஒரு சத்தம். மோட்டார் உறுமியது. டிஸ்ப்ளேவில் இங்கிலீஷ் எழுத்தில் 'மோட்டார் ஓடுது' என்று வந்தது. அரசப்பன் எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றதை நாற்றங்கால் அன்றுதான் பார்த்தது. அவர் நேராக வீட்டுக்குப் போய்ப் படுத்தார்.

மறுநாள் நாஷ்டா நேரத்தில் மோகன்ராஜுக்கு போன்.

"தம்பி, மோட்டாரு ஓடல."

"டிஸ்ப்ளேல இன்னா கீது மாமா?"

"லைட்டு நல்லா எரியுது. எழுத்துதான் தமிழும் இல்ல, இங்கிலீசும் இல்ல, தெலுங்கும் இல்ல. ஊட்டுக்காரி ஜப்பான்ங்கிறா."

போய்ப் பார்த்தால் அஞ்சம்மாள் சொன்னது சரி. அந்த டிஸ்ப்ளேக்களுக்குள் ஜப்பான் எழுத்தும் சேர்த்துத்தான் வைத்திருப்பார்களாம், கோளாறானால் அது எட்டிப் பார்க்கும் என்றான் மோகன்ராஜ். டிஸ்ப்ளே ஒழுங்காகப் பதில் சொல்லும்வரை மோட்டாரைத் தொடாதே என்று அவன்தான் சில்லுக்குச் சொல்லிவைத்திருந்தான். அது ஜப்பானில் பதில் சொன்னால் சில்லு என்ன செய்யும், காத்துக்கொண்டிருந்தது. டிஸ்ப்ளே திரும்பி நிற்பதைப் பார்த்தான், விளையாட்டுப் பிள்ளைகள் யாரோ கைவைத்திருக்க வேண்டும் என்று நினைத்தான். பிடுங்கித் திருப்பிச் செருகினான். மோட்டார் ஓடியது. வந்துவிட்டோம்.

மறுநாளும் ஜப்பான். மறுபடி போனோம். அதற்கு மறுநாளும். ஊரில் செய்தி பரவிவிட்டது. பம்ப்செட் பேசுகிறது என்று ஆந்திராவிலிருந்து ஆள் வந்தார்கள். சிப்காட்டில் ஜப்பான்காரர் ஒருவரை எனக்குக் கிரேன் காலத்திலிருந்து உச்சிப் பழக்கம். அவரையே கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குனிந்து, ரொம்ப நேரம் படித்தார். பிறகு டிஸ்ப்ளேவைப் பார்த்து இடுப்பை வளைத்து ஒரு வணக்கம் வைத்துவிட்டு வண்டியில் ஏறிவிட்டார். என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நாற்று மஞ்சளாகத் தொடங்கியது. "இளமதி போன எடுக்கமாட்டேங்குறா பெரிசு. எனுக்கு ஒரே பேஜாரா கீது" என்றான் மோகன்ராஜ். அவன் சில்லுக்குச் சொல்லிவைத்ததில் தப்பில்லை, பற்றவைத்ததில் தப்பில்லை. அப்புறம் யார் திருப்புவது? அதனால் ஒரு விடியற்காலை நான் தனியாகப் போய், கொட்டாய்க்கு எதிரே வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். தலை மட்டும் வெளியே தெரிந்திருக்க வேண்டும். ஒரு கொக்கு வந்து முட்டை என்று நினைத்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டது. நானும் அசையவில்லை. அரசப்பனின் கஷ்டம் அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அரசப்பன் குளித்து, ஈர வேட்டியோடு வந்தார். டிஸ்ப்ளேவைப் பக்தியாக இரண்டு கையாலும் பிடுங்கினார். துண்டால் துடைத்தார். விபூதி பூசினார். அப்படியே அரை வட்டம் திருப்பி, முகத்தை மறுபக்கமாக வைத்துச் செருகினார். பதினாறு காலும் அழகாக உள்ளே போயின. முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்கிற கால் வரிசைக்கு எந்தப் பக்கம் செருகினாலும் சம்மதம்தான்.

கொக்கைக் கீழே இறக்கிவிட்டு வெளியே வந்தேன். "அரசப்பா, இன்னா பண்ற?"

"பாத்தா தெரியல? திருப்பி வெக்கிறேன்ணே. பையன் தெக்க பாத்தாப்புல வெச்சிட்டுப் போயிட்டான். எமன் தெச. நாத்து பச்சப்புள்ள மாரி கீது, எமன் மூஞ்சில முயிச்சா உருப்படுமா? நான் வடக்க திருப்புறேன். அவன் வந்து மறுபடியும் தெக்க திருப்பிட்டுப் போறான். மாப்ளயாவப் போறவனாச்சேன்னு நானும் வாயத் தொறக்கல."

"தட்சிணாமூர்த்தி எந்தப் பக்கம் பாத்துக்கினு கீறாரு?"

"அவரு சாமி. சமாளிச்சிக்குவாரு. இது மோட்டாரு."

பிறகு இதை இரண்டு குருக்களிடம் கேட்டேன், இரண்டு பேரும் விபூதி கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

"அப்ப தட்டோட திருப்பிருக்கலாமே?"

"ஒயரு கட்டையா கீதேண்ணே. இவன் புடுங்கிச் செருவறாப்புலதான பண்ணி வெச்சான்?"

விஷயத்தைச் சொன்னதும் மோகன்ராஜ் மாடிப்படியில் உட்கார்ந்து தலையில் கைவைத்தான். இரண்டு சுழியும் மறைந்தன. "ஆணா பொண்ணா, நேரா மடக்கா எல்லாம் பாத்தேன் பெரிசு. திருப்பிச் செருவ முடியாத ஜாதி ஒண்ணு வாங்கணும்னு தோணாம போச்சே."

"ஒயர நீட்டி, தட்டோட வடக்க வெச்சிடு."

"வெக்கிறேன். நாளைக்கி எவனாச்சும் வந்து குபேரன் தூங்குறாரு, தெக்க திருப்புன்னு சொன்னா? கையில கெடச்சா திருப்புவாரு."

பிறகு அவனே எழுந்தான். அந்தப் பதினாறு காலில் நடுவில் நாலு கால் சும்மாதான் நிற்கின்றனவாம், அவன் போட்ட திட்டத்தில் அவற்றுக்கு வேலை கிடையாது. அதில் ஒன்றை வெட்டி எடுத்தான். அந்தக் காலுக்கு நேர் கீழே இருக்கிற ஓட்டையை அடைத்துவிட்டால், சரியாகச் செருகினால் மட்டும் உள்ளே போகும். திருப்பிச் செருகினால் வேறு ஒரு கால் அடைத்த இடத்தில் போய் முட்டி நிற்கும். எதை வைத்து அடைப்பது என்று தீக்குச்சியைச் செருகிப் பார்த்தான், பருமன். ஊசியைப் பார்த்தான், இரும்பு, கரண்டு பாயும். என் பக்கம் பார்த்தான். என் முகத்தை அல்ல, பையை.

"வேணாம்" என்றேன். "அது என் சீப்பு."

"வாரவா போற?"

அகலப் பல்லில் ஒன்றை நானே உடைத்துக் கொடுத்தேன். முனை உள்ளே போய் இறுகியதும் மிச்சத்தை நறுக்கிவிட்டான். அன்றே போய் ஒயரை நீட்டி, தட்டை வடக்கே திருப்பி வைத்தோம். மோட்டார் ஓடியது. மறுநாளும் ஓடியது. நாற்று பச்சை பிடித்தது. இளமதி போனை எடுத்தாள்.

அப்புறம் வைகாசி முதல் வெள்ளி. காலையில் அரசப்பனிடமிருந்து போன் வந்தது, எனக்கு. "அண்ணே, அவங்கள வரச் சொல்லிட்டேன். நீங்க வர வேணாம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வர வேண்டாம் என்றால் போகாமல் இருக்க முடியுமா? நானும் மோகன்ராஜும் ஓடிப்போய் பஸ் பிடித்து, ஷேர் ஆட்டோ பிடித்து, வரப்பில் ஓடிக் கொட்டாய்க்குப் போனோம். அரசப்பன் டிஸ்ப்ளேவைக் கையில் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்தில் இளமதி, பட்டுப்புடவையில், அழுது முடித்த முகம்.

"நல்ல நாளும் அதுவுமா தொடச்சி வெக்கலாம்னு புடுங்கினேன்" என்றார். "பாருண்ணே. ஒரு காலு இல்ல. மூளி! மூளியான பொருள எங்கிட்ட குடுத்து எம்பொண்ண கேக்குறான். மூளிச் சட்டிய நல்ல காரியத்துக்கு வெப்பியா? ஒடஞ்ச சீப்ப ஊட்ல வெப்பியா?"

நான் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"நானேதான் மாமா வெட்டினேன்" என்றான் மோகன்ராஜ். "திருப்பிச் செருவாம இருக்கறதுக்கு..."

"முயுசா கீறத வெட்டினியா? நல்லா கீறவள கட்டிக்கினு போயி இன்னா இன்னா பண்ணுவ?"

அந்த நேரம் பார்த்துக் கரண்டு வந்தது. பக்கத்து நிலத்து மோட்டார் உறுமியது. நம்முடைய அடிப்பலகை விளக்கை மினுக்கிக்கொண்டு டிஸ்ப்ளேவுக்காகக் காத்திருந்தது. அரசப்பன் டிஸ்ப்ளேவை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இன்னா கூச்சல்?" என்று கையில் கேசரித் தட்டோடு அஞ்சம்மாள் வந்தார். இளமதி சொன்னாள். அஞ்சம்மாள் தட்டை மகளிடம் கொடுத்துவிட்டு, டிஸ்ப்ளேவின் கால் வரிசையை உற்றுப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"மூளியா? யோவ், எம்மூஞ்ச பாரு. எனுக்கும் முன்னாடி ஒண்ணு இல்ல. அதுவும் யாரால போச்சி? உங்கம்மா சுட்ட முறுக்கால போச்சி. ஊர்ல இத்தினி கல்யாணத்துக்கும் ஆரத்தி யாரு எடுக்குறா? நான்தான? எந்தக் கல்யாணத்துலயாவது மூளி, தள்ளி நில்லுன்னு சொன்னியா?"

அரசப்பன் மனைவியின் வாயைப் பார்த்தார். டிஸ்ப்ளேவின் வாயைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவில்தான் சந்து.

"நாத்து தண்ணிக்கு கத்துது, செருவுய்யா!" என்றார் அஞ்சம்மாள்.

அவசரத்தில் அரசப்பனுக்குத் திசை குழம்பிவிட்டது. பழைய கை, பழைய வழக்கம், அரை வட்டம் திருப்பிச் செருகப் பார்த்தார். போகவில்லை. அமுக்கினார். போகவில்லை. அடைத்த ஓட்டையில் என் சீப்பின் பல் அசையாமல் நின்றது. முட்டாத பக்கமாகத் திருப்பினார். நழுவி உட்கார்ந்தது. டக். மோட்டார் உறுமியது. தண்ணீர் தொட்டியில் விழுந்தது. டிஸ்ப்ளே வடக்கே பார்த்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் 'மோட்டார் ஓடுது' என்றது.

அரசப்பன் டிஸ்ப்ளேவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நான் தப்பா வெச்சாலும் அது ஒத்துக்கல" என்றார்.

"உம்மாரியே புடிவாதம்" என்றார் அஞ்சம்மாள். "அந்தப் புள்ள பொருத்தம் பாத்துத்தான்யா பண்ணிக்கீது."

வேப்பம்பட்டுக்காரர்கள் அதற்குள் ஊத்துக்கோட்டையில் இறங்கிவிட்டார்கள், தடுக்க வழியில்லை. வந்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள். அரசப்பன் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார். மாப்பிள்ளையாக வந்தவர் நல்ல மனுஷர். கொட்டாய்க்குள் வந்து டிஸ்ப்ளேவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மோகன்ராஜைத் தனியாக அழைத்துப்போனார். சண்டை வரப்போகிறது என்று நான் வேட்டியை மடித்துக் கட்டினேன். அவர் கேட்டது இதுதான்: "எங்க ஃப்ளாட்ல மேல தொட்டிக்கு தண்ணியே ஏற மாட்டேங்குது சார். இந்த மாதிரி ஒண்ணு பண்ணிக் குடுப்பீங்களா?"

அந்த வைகாசியிலேயே கல்யாணம். அமீருதீன் பாய் சீர் வரிசைத் தட்டில் ஒரு டஜன் சீப்பு வைத்தார். பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று ஒரு பெரியவர் அட்சதை போட்டபோது, ஆரத்தித் தட்டோடு நின்ற அஞ்சம்மாள், "பதினஞ்சு போதும்" என்று சத்தமாகச் சொல்லிச் சிரித்தார். கல்யாண போட்டோவில் அந்தச் சிரிப்பு அப்படியே இருக்கிறது, சந்தோடு.

டிஸ்ப்ளே இன்னும் வடக்கே பார்த்துக்கொண்டிருக்கிறது. தலைப்பாகைக் கூட்டை அரசப்பன் கொட்டாய் மூலையில் மாட்டிவிட்டார், தையல்சிட்டு வாடகை இல்லாமல் இருக்கிறது. சீப்பு என் பையில்தான். ஒடிந்த சீப்பை வைத்துக்கொள்ளக் கூடாது என்பார்கள். ஆனால் ஒரு பல் இல்லை என்பது வாரினால்தானே தெரியும்?